மரபும் மரபணுவும்

சிங்கப்பூரின் மேற்குப் பகுதியிலே புக்கிட் பாத்தோக் என்னும் குன்றின்மேல் ஏறிச் செல்லும் படிவரிசை ஒன்று உண்டு. நூற்றுக்கு மேற்பட்ட படிகள். அடிவாரத்தில் இரண்டு தூண்கள். மூச்சு வாங்க ஏறி முடித்தால் உச்சியில் காண்பது ஒளிபரப்புக் கோபுரமும் அதனைச் சூழ்ந்த வேலியுமே. படிகள் வேறு ஏதோ ஒன்றை நோக்கி அமைக்கப்பட்டவை என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும். அந்த ஒன்று இன்று அங்கில்லை.

1942ஆம் ஆண்டில் இக்குன்றின் உச்சியில் ஜப்பானியப் படையினர், போரில் மாண்ட தம்மவர்க்கென ஒரு நினைவுத் தூணை நிறுவினர். வெட்டியும் சுமந்தும் அதனை ஆக்கியவர்கள், அவர்களிடம் சிறைப்பட்டிருந்த ஆஸ்திரேலிய, பிரித்தானியப் போர்க் கைதிகள். அக்கைதிகள் தம் பக்கத்தில் மாண்டவர்க்கும் ஓர் அடையாளம் வேண்டினர். தூணின் பின்புறத்தில் ஒரு மரச்சிலுவை நிற்க இடம் கிடைத்தது. வென்றவனின் இறந்தோரும் தோற்றவனின் இறந்தோரும் ஒரே குன்றின்மேல் நினைக்கப்பட்டனர். 1945இல் போர் முடிந்தபோது தூணும் இல்லை, சிலுவையும் இல்லை. அங்கே வைக்கப்பட்டிருந்த சாம்பல், தீவின் மற்றொரு பகுதியிலுள்ள ஜப்பானியர் இடுகாட்டிற்குப் போய்ச் சேர்ந்தது.

அச்சாம்பலை இன்று எந்த ஆய்வுக்கூடத்தில் கொடுத்துக் கேட்டாலும், அது இன்ன ஊரான், இன்ன குடியான் என்று சொல்லப் போவதில்லை. எரிந்த உடம்பு தன் பிறப்பை மறந்துவிடுகிறது. புதைத்த உடம்போ அப்படி மறப்பதில்லை. ஆயிரம் ஆண்டுகள் கழித்தும் அதன் எலும்பைத் துளைத்து, அரைத்து, கழுவி, அதன் தாய் வழி யாது, தந்தை வழி யாது என்று வினவுகின்ற கலையை மனிதன் கற்றுவிட்டான். பழைய எலும்பிலிருந்து மரபணுவைப் பிரித்தெடுக்கும் முறைகளை வகுத்தவராகிய சுவாந்தே பேபோ என்னும் அறிஞருக்கு 2022ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு வழங்கப்பட்டது. காதின் உட்புறத்தைக் காக்கும் எலும்பு, உடம்பிலேயே மிகக் கெட்டியானது. மரபணு நெடுங்காலம் தங்கியிருப்பதும் அங்கேதான். கேட்கும் உறுப்பை மூடியிருந்த எலும்பே இறந்த பின் பேசும் உறுப்பாகிறது என்பது வியப்பிற்குரியது.

ஆயின் அது பேசுவது எதனைப் பற்றி? ஒருவர் யார் என்பதை அது சொல்கின்றதா? அல்லது யாரிடமிருந்து வந்தார் என்பதை மட்டும் சொல்கின்றதா? இவ்விரு வினாக்களும் ஒன்றே என்று கருதுவோர் பலர். ஒன்றல்ல என்பதைக் காட்ட, இஸ்லாத்தின் தொடக்கக் காலத்தைச் சேர்ந்த சில புதைகுழிகள் துணை செய்கின்றன.

சிரியா நாட்டின் தென்பகுதியில் தெல் கராசா என்னும் தொல்லியல் மேடு உள்ளது. 2009, 2010ஆம் ஆண்டுகளில் இசுப்பானிய, பிரெஞ்சு அறிஞர்கள் அங்கே அகழ்ந்தனர். அவர்கள் தேடியது புதிய கற்கால மாந்தரை. அஃதாவது மனிதன் முதன்முதல் பயிரிடக் கற்ற காலத்தவரை. கிடைத்த எலும்புகளையும் அக்காலத்தனவாகவே கருதி ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பினர். வெப்ப நாட்டு மண் மரபணுவுக்குப் பகை. பெரும்பாலான எலும்புகள் பேசவில்லை. பேசியவை இரண்டு, அவ்விரண்டும் எதிர்பாராத செய்தியைச் சொல்லின. அவை பல்லாயிரம் ஆண்டுப் பழமை உடையன அல்ல, கி.பி. ஏழாம் நூற்றாண்டின் இறுதியையும் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் சேர்ந்தவை. திமிஷ்கு நகரிலிருந்து உமையாக்கள் ஆண்ட காலம் அது. நபிகள் நாயகம் 632ஆம் ஆண்டில் மறைந்தார் என்பதை நினைவிற் கொண்டால், இவ்விருவரும் இஸ்லாத்தின் முதல் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்தவர்கள் என்பது புலப்படும்.

இவ்வாய்வு 2022ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன்படி இவ்விருவரின் மரபணு, சுற்றுப்புறத்து மக்கள் பெரும்பாலோரின் மரபணுவை ஒத்ததாக இல்லை. இன்றைய பெடுவின் பாலைவன மக்களில் ஒரு பிரிவினரையும் சவூதி நாட்டவரையும் ஒத்திருந்தது. ஆகவே இவர்கள் தெற்கேயிருந்து வந்தவர்களாகவோ, அவ்வாறு வந்தவர்களின் மக்களாகவோ இருத்தல் கூடும் என்பர் அறிஞர்.

இங்கே சற்று நின்று ஒன்றைக் கவனித்தல் வேண்டும். இவர்கள் முஸ்லிம்கள் என்பதை மரபணு சொல்லவில்லை. மரபணு அதனைச் சொல்லவும் முடியாது. தொழுகைக்கு என ஒரு மரபணு இல்லை. நோன்புக்கு என ஒன்று இல்லை. பாலைவனத்து அரபியருள் கிறித்தவரும் இருந்தனர், யூதரும் இருந்தனர், பழைய தெய்வங்களை வணங்கியோரும் இருந்தனர்; எலும்பில் அனைவரும் ஒன்றே. இவ்விருவரை முஸ்லிம்கள் என்று கருதச் செய்தது, குழியில் அவர்கள் கிடத்தப்பட்ட முறை. உடல் ஒருக்களித்து, முகம் மக்காவின் திசை நோக்கி, அலங்காரமின்றி, உடன் எப்பொருளும் வைக்கப்படாமல் இருந்தது. இதனைச் செய்தவை இறந்தவரின் கைகளல்ல, இருந்தவரின் கைகள். அவர் யார் என்று உடன் வாழ்ந்தவர்கள் அறிந்திருந்தனர். அறிந்ததை மண்ணிலே எழுதி வைத்தனர். அந்த எழுத்தை ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் படிக்க முடிகின்றது.

பிரான்சு நாட்டின் நீம் நகரத்திலும் இத்தகைய மூன்று குழிகள் கிடைத்தன. 2016ஆம் ஆண்டில் அவை பற்றிய ஆய்வு வெளியாயிற்று. ஏழாம் நூற்றாண்டுக்கும் ஒன்பதாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை, மூவரும் ஆடவர், வலப்பக்கம் சாய்ந்து, முகம் தென்கிழக்கே திரும்பிக் கிடந்தனர். தந்தை வழி மரபணு, வட ஆப்பிரிக்காவின் பெர்பர் மக்களிடையே மிகுதியாகக் காணப்படும் வகையைச் சேர்ந்தது. அரபுப் படையோடு இசுப்பெயினைக் கடந்து வந்த பெர்பர் வீரர்களாக இருத்தல் கூடும் என்று அறிஞர் கருதினர்.

சிரியாவில் கிடந்தவர் தெற்கே நோக்கினார். பிரான்சில் கிடந்தவர் தென்கிழக்கே நோக்கினர். சிங்கப்பூரில் அடக்கம் செய்யப்படும் முஸ்லிம் மேற்கும் வடமேற்கும் சார்ந்த திசையை நோக்குகிறார். திசைகாட்டியை வைத்துப் பார்த்தால் மூன்றும் மூன்று திசைகள். மூவரின் மரபணுவும் மூன்று வகை. நோக்கப்படும் இடம் மட்டும் ஒன்று. ஒரு சமூகம் என்பதை இதனினும் தெளிவாக விளக்க ஓர் ஆசிரியருக்குக் கரும்பலகை தேவைப்படாது.

பிறப்பா, நெறியா என்னும் வழக்கு அக்காலத்து மக்களுக்கே புதிதன்று. தொழுகைக்கு முதன்முதல் அழைத்த பிலால், அபிசீனிய வழிவந்தவர், அடிமையாக இருந்தவர். நாயகத்தின் தோழர் சல்மான் பாரசீகர். அரபிக்கு அரபியல்லாதார் தாழ்ந்தவரல்லர் என்பது நாயகத்தின் இறுதிப் பேருரையில் அடங்கிய அறிவுரையாக இஸ்லாமியர் போற்றி வருவது. அவ்வாறிருந்தும், அவர் மறைந்து நூறாண்டு நிரம்புமுன், உமையாக்களின் ஆட்சியில் புதிதாக நெறி தழுவிய பாரசீகரும் பிறரும் ஏதேனும் ஓர் அரபுக் குலத்தின் சார்பாளராகப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. நெறி மாறியும் பழைய வரி பல இடங்களில் அவர்களை விடவில்லை. 717 முதல் 720 வரை ஆண்ட இரண்டாம் உமர், அவ்வரியை நீக்க முயன்றார். அவர் ஆட்சி நீடிக்கவில்லை. வரி வாங்குபவனுக்கு மட்டும் எப்போதும் குலம் வேண்டியிருக்கிறது போலும்! தெல் கராசாவின் இருவரும் இந்த வழக்கு நடந்துகொண்டிருந்த காலத்திலே வாழ்ந்து மறைந்தவர்கள்.

தமிழ் மாணவனுக்கு இவ்விடத்தில் ஓர் ஐயம் எழலாம். மரபணு என்னும் சொல்லிலேயே மரபு அடங்கியிருக்கிறதே. மரபை அறிவிப்பதுதானே மரபணு என்று அவன் கேட்டால் அதில் பிழையில்லை. பிழை சொல்லில் இருக்கிறது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் இறுதி இயலுக்கு மரபியல் என்று பெயர். இன்று பல்கலைக்கழகத்தில் உயிரியலின் ஒரு கிளைக்கும் மரபியல் என்றே பெயர். இரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவு பெரிது. தொல்காப்பியரின் மரபியல், எவ்வுயிரின் இளமையை எப்பெயரால் அழைப்பது, எதன் ஆணை எவ்வாறு சொல்வது, எதன் பெண்ணை எவ்வாறு சொல்வது என்று கூறத் தொடங்குகிறது. ஆட்டின் இளமைக்கு ஒரு பெயர், யானையின் இளமைக்கு ஒரு பெயர் என வழங்கி வந்த வழக்கே அங்கே மரபு. அவ்வழக்கு எவர் குருதியிலும் ஓடுவதன்று. தாய் சொல்லப் பிள்ளை கேட்டு, பிள்ளை திருப்பிச் சொல்லித் திருத்தப்பட்டு, அவ்வாறு கைமாறி வருவது. ஒரு தலைமுறை சொல்லாது விட்டால் மரபு அற்றுப்போம். மரபணுவோ, பிள்ளை ஒரு சொல்லும் கற்காவிடினும் அவனுள் இருந்தே தீரும். (அதே மரபியலில் நால்வகை வருணத்தாரைப் பற்றிய நூற்பாக்களும் காணப்படுகின்றன, அவை பிற்காலத்து இடைச்செருகல் என்று கருதுவோர் பலர். சொல்லைப் பற்றிய இயலினுள்ளும் பிறப்பு எப்படியோ நுழைந்துவிடுகிறது.)

மரபணுவை மரபு என்று மயங்குவதால் விளையும் கேட்டைப் பற்றிப் பேசும்போது, மரபணு ஆய்வினால் விளைந்த நன்மை ஒன்றையும் மறைத்தல் நேர்மையாகாது. ஆப்பிரிக்காவின் கீழைக் கடற்கரையிலே சுவாகிலி மக்கள் வாழ்கின்றனர். பாரசீகத்தின் ஷீராஸ் நகரத்திலிருந்து வந்த தலைவர்களே தம் முன்னோர் என்று அவர்களுள் பல குடிகள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தன. ஐரோப்பியர் ஆண்ட காலத்தில், கல்லால் கட்டிய இந்நகரங்களை ஆப்பிரிக்கர் கட்டியிருக்க இயலாது என்று சொல்லி, அக்கதையைத் தமக்கு வசதியாகப் பிடித்துக்கொண்டனர். பின்னர் வந்த அறிஞர்கள் மறுபுறம் சாய்ந்து, நகரங்கள் ஆப்பிரிக்கருடையவையே, பாரசீகக் கதை குடிப்பெருமைக்காகப் புனைந்தது என்றனர். 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வில், 1250 முதல் 1800 வரை வாழ்ந்த 80 பேரின் மரபணு ஆராயப்பட்டது. கடற்கரை நகரத்தார் பலரின் மரபணுவில் பெரும்பகுதி ஆப்பிரிக்கப் பெண்களிடமிருந்து வந்திருந்தது. மற்றொரு பகுதி ஆசியாவிலிருந்து வந்தது. அதில் பெரும்பங்கு பாரசீக ஆடவருடையது, சிறுபங்கு இந்திய வழியினது. கலப்புத் தொடங்கிய காலம் கி.பி. 1000ஐ ஒட்டியது.

கதை பொய்யன்று, அரைக் கதை. பாரசீகத் தந்தை வந்தது மெய். அவனை மணந்த ஆப்பிரிக்கத் தாயின் பெயர் மட்டும் குடிவரலாற்றில் இடம்பெறவில்லை. ஆயினும் அவள் வேறோரிடத்தில் தன் பெயரை எழுதி வைத்திருந்தாள். அந்த மக்கள் பேசும் சுவாகிலி மொழி, அரபுச் சொற்களை ஏராளமாக ஏற்றுக்கொண்டும், பிறப்பாலும் இலக்கணத்தாலும் ஆப்பிரிக்கப் பாண்டு மொழியே. தந்தை பெயரைத் தந்தான். தாய் பேச்சைத் தந்தாள். மரபணு ஆய்வு வருமுன்னரே இதனைச் சொல்லக்கூடியவளாக மொழி இருந்தாள். கேட்பார்தாம் இல்லை.

இதனைக் கேட்ட தமிழர் எவர்க்கும் சோழமண்டலக் கரையும் பாண்டிநாட்டுக் கரையும் நினைவுக்கு வராமற் போகா. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அரபு வணிகரை முன்னோராகச் சொல்லும் முஸ்லிம் குடிகள் உண்டு. அரபுக் கப்பல்கள் இக்கடல்களில் ஓடியமைக்குச் சான்றும் உண்டு. 1998ஆம் ஆண்டில் பெலிட்டோங் தீவின் அருகே கடலடியில் கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுக் கப்பல், மேலைக் கடல் முறைப்படி ஆணியின்றிக் கயிற்றால் பலகைகள் தைத்துக் கட்டப்பட்டது; அது சுமந்த சீனக் கிண்ணங்களுள் ஒன்று 826ஆம் ஆண்டைக் குறிக்கிறது. சிங்கப்பூரின் ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் மாணவர்கள் அக்கிண்ணங்களை இன்றும் காணலாம். அக்கப்பலைப் போன்ற கப்பல்கள் பருவக்காற்றுக்காகக் காத்திருந்த மாதங்களில், கரையில் இறங்கியவர்கள் மணம் புரிந்திருப்பர். அதில் ஐயுறுதற்கு ஏதுமில்லை.

ஆயினும் எத்தனை பேர்? ஐதராபாத்து ஆய்வாளர்களும் பிறரும் இந்திய முஸ்லிம்களின் மரபணுவை ஆராய்ந்து 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவு, அவர்களுள் மிகப்பெரும்பாலோர் அண்டை வீட்டு இந்துவோடு ஒரே வேரினர் என்பதே. ஈரான், அரபு வழிக் கலப்பு காணப்படுகிறது, அது சிறிது. இதனைக் கொண்டு, முன்னோர் கதை சொல்லும் குடிகளைப் பொய்யர் என்று சிலர் எள்ளக்கூடும். அஃது அறியாமை. பத்துத் தலைமுறைக்கு மேலே சென்றால் ஒவ்வொருவர்க்கும் 1,024 முன்னோர் இருக்கைகள் உண்டு. அவற்றுள் தந்தை வழியே ஏறிச் செல்லும் ஒற்றை இழை, ஓர் இருக்கையை மட்டும் தொடும். தாய் வழி இழை மற்றோர் இருக்கையைத் தொடும். மீதி 1,022 பேரைக் குடிவரலாறும் சொல்வதில்லை. ஓர் அரபு முன்னோன் அந்த 1,024 இருக்கையில் ஒன்றில் அமர்ந்திருந்தான் என்பது மெய்யாகவே இருக்கலாம். அவனைச் சூழ அமர்ந்திருந்தோர், அவனுக்குச் சோறிட்டோர், அவன் பிள்ளைகளுக்குப் பேசக் கற்றுக்கொடுத்தோர் யார் என்பதே மறக்கப்பட்டது.

காயல்பட்டினத்திலே மகளுக்கு வீடு கொடுப்பதும், மணமகன் மனைவியின் இல்லத்திற்கு வந்து வாழ்வதும் வழக்கம். வந்தவன் எவனாயினும் பிள்ளை வளர்ந்தது தாயின் வீட்டில். கற்றது தாயின் தமிழில். தமிழ் முஸ்லிம் தன் வழிபாட்டைத் தொழுகை என்கிறார். விரதத்தை நோன்பு என்கிறார். வழிபடும் இடத்தைப் பள்ளி என்கிறார். மூன்றும் அரபு மண்ணில் முளைத்தவையல்ல. சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவிலுள்ள அல்-அப்ரார் பள்ளிவாசலுக்குத் தமிழர் இட்டு வழங்கிய பெயர் குச்சுப் பள்ளி. ஓலைக் குடிசையாக அது தொடங்கிய நாளை அப்பெயர் இன்றும் காத்து நிற்கிறது. மாணவன் நாள்தோறும் செல்லும் இடமும் பள்ளியே. சமண முனிவர் கற்படுக்கையில் துயின்ற இடமும் பள்ளியே.

849ஆம் ஆண்டில் வேணாட்டு மன்னர் அய்யனடிகள் திருவடிகள் கொல்லத்துக் கிறித்தவக் கோயில் ஒன்றிற்கு உரிமைகள் வழங்கிய செப்பேட்டிலும் அக்கோயிலின் பெயர் தரிசாப்பள்ளி. இச்செப்பேடு வேறொரு வகையிலும் கருதத்தக்கது. இஸ்லாத்தின் தொடக்க நூற்றாண்டுகளில் தென்னாட்டுக் கரையில் வாழ்ந்த அயல்நாட்டார் இருபதுக்கு மேற்பட்டோர் அதில் சான்றாளராகக் கையெழுத்திட்டுள்ளனர். சிலர் அரபு எழுத்தில். சிலர் பாரசீகத்தின் பகலவி எழுத்தில். சிலர் எபிரேய எழுத்தில். முஸ்லிமும் சொராட்டியரும் யூதரும் ஒரு கிறித்தவர்க்கு, ஓர் இந்து மன்னன் வட்டெழுத்தில் எழுதித் தந்த ஏட்டில் சாட்சி சொல்கின்றனர். இவர்களின் எலும்பு எங்கே கிடக்கிறதோ! கிடைக்காவிட்டாலும் குறையொன்றுமில்லை. தம்மை யார் என்று தாமே சொல்லிச் சென்றவர்கள் அவர்கள்.

கையெழுத்து ஒருவன் தருவது. மரபணு ஒருவனிடமிருந்து எடுப்பது. அறநெறியில் இவ்வேறுபாடு சிறிதன்று. தெல் கராசாவின் இருவர் தம் எலும்பைத் துளைக்க உடன்பட்டவர்களல்லர். அவர்களைத் திசை பார்த்துக் கிடத்தியவர்கள், அவர்கள் அவ்வாறே கிடப்பர் என்று நம்பிச் சென்றனர். இஸ்லாமிய நெறியில் இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பது போன்றது எனக் கருதப்படுகிறது. அப்படியானால் இவ்வாய்வே தகாது என்று விலக்கிவிடலாமா? அதுவும் எளிதன்று. சுவாகிலித் தாய்மாரின் பங்கு வெளிப்பட்டது எலும்பைத் தொட்டதனாலேதான். அங்கே ஆய்வாளர் ஊர் மக்களைக் கலந்து, அகழ்ந்த எலும்புகளை நீண்ட நாள் வெளியில் வைக்காமல் மீண்டும் குழியிலே சேர்த்தனர். சிரியாவிலோ, அகழ்ந்தபோது கற்காலத்தவர் என்று நினைத்தனர். முஸ்லிம்கள் என்று தெரிய வருமுன் 2011ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் மூண்டு, நாடே சிதறியது. யாரைக் கேட்பது? கேட்பதற்கு உரியவர் யார்? மரபணு ஒத்த சவூதி நாட்டவரா, ஊரில் வாழும் அயலாரா, ஒரே திசை நோக்கித் தொழும் அனைவருமா? இறந்தவரின் உறவினர் யார் என்ற வினாவே, மரபா மரபணுவா என்ற வினாவாக மீண்டும் வந்து நிற்கிறது.

விடையைப் பதற்றத்தோடு தேடுவோர் செய்வதையும் காண்கிறோம். அரியானாவின் ராக்கிகடியில் அறுபதுக்கு மேற்பட்ட எலும்பு மாதிரிகளுள் ஒரே ஒரு பெண்ணுடையதே மரபணு தந்தது. 2019ஆம் ஆண்டில் அம்முடிவு வெளியான அன்றே, ஒன்றற்கொன்று எதிரான இரு கட்சியாரும் அவளைத் தம் பாட்டி என்று உரிமை கொண்டாடினர். ஒரு பெண்ணின் காதெலும்பு ஒரு துணைக்கண்டத்தின் வழக்கைச் சுமந்தது. கீழடியை அடுத்த கொந்தகையின் முதுமக்கள் தாழிகளின்மேல் தமிழர் வைத்துள்ள எதிர்பார்ப்பும் இத்தகையதே. தாழியில் இருப்பவர் தமிழர் என்பதற்குச் சான்று வேண்டுமாயின், கீழடியின் பானை ஓட்டிலே தமிழியில் கீறப்பட்ட பெயர்களைப் படிக்கலாம். அவை தரப்பட்டவை.

இவையெல்லாம் தொலைநாட்டுச் செய்தி, பழங்காலச் செய்தி என்று புக்கிட் பாத்தோக்கில் வாழும் ஓர் ஆசிரியர் ஒதுக்கிவிட இயலாது. சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைக்குத் தந்தையின் இனத்தையே பதிவது நெடுங்கால வழக்கமாக இருந்தது. 2011ஆம் ஆண்டு முதல் கலப்பு மணத்தில் பிறந்த குழந்தைக்கு இரட்டை இனம் பதிய இடமுண்டு. பள்ளியில் குழந்தை பயிலும் தாய்மொழியும் பெரும்பாலும் அந்தப் பதிவை ஒட்டியே அமைந்து வந்தது. தந்தையின் வழியால் தாய்மொழியை அறிவது! சுவாகிலித் தாய் கேட்டால் நகைத்திருப்பாள். வீட்டில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பத்தார் சிலர், சமயத் தோழமை கருதித் தம் பிள்ளைகளுக்கு மலாய் மொழியைத் தேர்ந்ததும் உண்டு. தமிழ் அறியாத இந்திய வழியினர் தமிழ் வகுப்பில் வந்து அமர்ந்ததும் உண்டு. அவர்களை எதனால் அளப்பது? உமிழ்நீரை ஒரு குழலில் துப்பி அனுப்பினால், நூற்றுக்கு இத்தனை பங்கு என்று எழுதி அனுப்பும் வணிக நிறுவனங்கள் இன்று உள்ளன. அத்தாளைக் கொண்டு வந்து, ஐயா, நான் தமிழனா என்று ஒரு மாணவன் கேட்பானாயின், ஆசிரியர் அத்தாளைப் படிக்க வேண்டியதில்லை. அவன் கேட்டது எம்மொழியில் என்பதைக் கவனித்தாற் போதும்.

குன்றின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பாத்தோக் என்பது ஜாவானியர் இக்குன்றில் நட்ட தென்னையைக் குறிக்கும் என்பர் சிலர். மலாய் மொழியில் இருமலைக் குறிக்கும் சொல் என்பர் சிலர். கல் என்னும் பொருளுடைய பாத்து என்னும் மலாய்ச் சொல் திரிந்தது என்பர் வேறு சிலர். கருங்கல் உடைத்த குழிகள் இங்கு இருந்தமை உண்மையே. எது மூலம் என்று துணிய முடியவில்லை. ஆயினும் பேருந்து ஓட்டுநர் புக்கிட் பாத்தோக் என்று சொன்னால் இறங்க வேண்டியவர்கள் தவறாமல் இறங்குகின்றனர்.

இக்குன்றுக்கு வடமேற்கே சிறிது தொலைவில் சுவா சூ காங் இடுகாடு இருக்கிறது. நிலம் குறைந்த தீவாதலால் 1998ஆம் ஆண்டு முதல் அங்கே புதைக்கும் காலம் 15 ஆண்டு என வரையறுக்கப்பட்டது. பிடாதாரி இடுகாட்டின் குழிகளும் 2001 முதல் 2006 வரை தோண்டப்பட்டபோது, அங்கிருந்த முஸ்லிம்களின் எலும்புகள் இங்கேதான் வந்தன. காலம் நிறைந்ததும், எரிக்க ஒப்பும் சமயத்தார் தம்மவரின் எலும்பை எரிக்கின்றனர். முஸ்லிம்களின் எலும்பு மீண்டும் மண்ணுக்கே செல்கிறது. பலரின் எச்சம் ஒரே குழியில் சேர்கிறது. மலாய்க்காரர் உண்டு; காயல்பட்டினத்தார் உண்டு; கடையநல்லூரார் உண்டு; அரபு வழியினர் உண்டு. துளைகருவி எதுவும் அங்கே இல்லை. அதிகாலையில் குழி திறக்கும்போது உறவினர் ஒருவர் அருகே நிற்கிறார். பதிவேட்டில் பெயர் இருக்கிறதா என்று பார்க்கின்றனர். பின்னர் எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியில் பொதிந்து, மற்றக் குழிகள் நோக்கும் திசையையே நோக்கி வெட்டிய புதுக் குழிக்குக் கொண்டு செல்கின்றனர்.